முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி

மல்டிமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். ஃபேன் ஓடவில்லை என்று கூப்பிட்டால் வருகிற எலக்ட்ரீஷியன் அண்ணன் பையிலிருந்து எடுப்பாரே, சிவப்பும் கருப்புமாக இரண்டு ஒயர் தொங்கும் கையடக்கக் கருவி, அதுதான். அடுத்த முறை பார்க்கும்போது அதன் முகப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒயர் செருகும் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி.

‘ஆபத்து, ஷாக் அடிக்கும்’ என்று அது மிரட்டுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஷாக்குக்கு வேறு குறி இருக்கிறது: முக்கோணத்துக்குள் மின்னல் வெட்டு. ஆச்சரியக்குறி போட்ட முக்கோணம் சொல்லும் சேதி வேறு. ‘இந்த இடத்தைப் பற்றிக் கையேட்டில் எழுதியிருக்கிறோம், அதைப் படித்துவிட்டு வா’ என்கிறது அது.

கையேடு எங்கே? மீட்டர் வந்த அட்டைப்பெட்டியின் அடியில், எட்டாக மடித்த தாளாகக் கிடக்கும். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். நிறைய வீடுகளில் அது பெட்டியோடு சேர்ந்து பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகிறது. அது இல்லாமலும் மீட்டரைத் திருகலாம், திரையில் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும். ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்கிற இரண்டும் திரையில் வராது. அவை அந்தத் தாளில்தான் இருக்கின்றன.

இவ்வளவு சின்னக் கருவிக்கு எதற்கு இத்தனை குறி? ஒரு காலத்தில் மின்னழுத்தம் அளக்க ஒரு பெட்டி, மின்னோட்டம் அளக்க ஒரு பெட்டி, மின்தடைக்கு இன்னொன்று என்று தனித்தனியாகத்தான் இருந்தன. பிரிட்டிஷ் தபால் துறையில் பொறியாளராக இருந்த டொனால்ட் மெக்கேடிக்கு இத்தனையையும் சுமந்துகொண்டு போய் வேலை பார்ப்பது சலித்துவிட்டது. மூன்று வேலையையும் ஒரே பெட்டிக்குள் அடக்கினார். ‘ஏவோமீட்டர்’ என்ற பெயரில் 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. வசதிதான். ஆனால் ஒரே முள் மூன்று விதமான அளவையும் காட்டும்போது, இப்போது காட்டுவது எதை என்று யாராவது சொல்லியாக வேண்டுமே! அதனால் குமிழைச் சுற்றிலும் குறிகள் வந்தன. குறிகளை விளக்கத் தாள் வந்தது.

அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. அப்படிப் படித்து முடித்தவர்களும் ரொம்பக் குறைவு. முதலில் தேட வேண்டியது, எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு பகுதி: ‘இந்தக் கையேட்டில் பயன்படும் குறிகளும் சொற்களும்’ என்ற சின்ன அட்டவணை. முன்பக்கங்களில் எங்காவது இருக்கும்.

அதில் ‘வார்னிங்’, ‘காஷன்’, ‘நோட்’ என்று மூன்று சொல் இருக்கிறதா பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தோன்றும். இல்லை. நிறைய மீட்டர் கையேடுகளில், வார்னிங் என்றால் உங்கள் உடம்புக்கு ஆபத்து. காஷன் என்றால் கருவிக்கு ஆபத்து. நோட் என்றால் ஆபத்து எதுவுமில்லை, தெரிந்துகொண்டால் நல்லது. இந்த வழக்கம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் பின்பற்றும் பாதுகாப்புக் குறி விதிகளின்படி, காஷன் என்ற சொல்லே மனிதருக்கு ஏற்படக்கூடிய சின்னக் காயத்தைத்தான் குறிக்கும். பொருளுக்கு வரும் சேதத்துக்கு வேறு சொல். ஆகவே ஒரு கையேட்டில் படித்ததை அப்படியே அடுத்த கையேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அந்த அட்டவணையைப் பார்த்துவிட வேண்டும். அரை நிமிட வேலை.

எழுத்தின் வடிவத்துக்கும் பொருள் உண்டு. தடித்த எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கருவியின் மேலேயே அச்சடித்திருக்கும் சொல். கட்டத்துக்குள் இருப்பது அழுத்த வேண்டிய பொத்தான். ‘அழுத்து’ என்பதும் ‘இரண்டு விநாடி அழுத்திப் பிடி’ என்பதும் வேறுவேறு. சில மீட்டர்களில் ‘ஹோல்டு’ பொத்தானைத் தட்டினால் திரையில் உள்ள எண் அப்படியே உறைந்து நிற்கும். அதையே அழுத்திப் பிடித்தால் திரைக்குப் பின்னால் விளக்கு எரியும்.

இந்த இடத்தில் உங்கள் அக்காவோ அண்ணனோ வைத்திருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டரின் கையேட்டையும் எடுத்துப் பாருங்கள். ‘ஷிஃப்ட்’ என்று ஒரு கட்டம், ‘சைன்’ என்று ஒரு கட்டம், அதற்கடுத்து அடைப்புக்குறிக்குள் ‘சைன் இன்வெர்ஸ்’ என்று அச்சடித்திருக்கும். மூன்றாவது பொத்தானைத் தேடு தேடென்று தேடுபவர்கள் உண்டு. அப்படி ஒரு பொத்தானே கிடையாது! முதல் இரண்டையும் அழுத்தினால் என்ன வேலை நடக்கும் என்பதைத்தான் அடைப்புக்குறி சொல்கிறது. கட்டம் என்றால் விரலுக்கு, அடைப்புக்குறி என்றால் கண்ணுக்கு. அந்தக் கையேட்டை எழுதியவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம் அது.

சரி, மீட்டருக்கு வருவோம். நடுவில் திருகு குமிழ். அதைச் சுற்றிப் பல பகுதிகள். ‘வி’ என்ற ஆங்கில எழுத்து இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்றின் பக்கத்தில் சின்ன அலைக்கோடு, மற்றதன் பக்கத்தில் ஒரு நேர்கோடும் அதற்குக் கீழே விட்டுவிட்டு வரும் சின்னக் கோடுகளும். அலை போட்டது மாறுதிசை மின்னோட்டம். நம் வீட்டு மின்சாரம் இந்த வகைதான், விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. நேர்கோடு போட்டது நேர்த்திசை மின்னோட்டம், பேட்டரியிலிருந்து வருவது. இதே இரண்டு குறியும் உங்கள் வீட்டு செல்ஃபோன் சார்ஜரில் இருக்கின்றன. பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு அதன் முதுகில் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். ‘இன்புட்’ என்ற வரியில் அலை, ‘அவுட்புட்’ என்ற வரியில் நேர்கோடு. சார்ஜர் செய்கிற வேலையையே அந்த இரண்டு குறியும் சொல்லிவிடுகின்றன. அங்கேயே ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரமும் தென்படும். மீட்டரின் பின்பக்கத்திலும் அது உண்டு. உள்ளே இரட்டைக் காப்பு போட்டிருக்கிறது, பூமியில் இறக்கும் மூன்றாவது ஒயர் தேவையில்லை என்று பொருள்.

அடுத்தது எழுத்து விவகாரம். இதில் சறுக்காதவர்கள் குறைவு. சிறிய ‘எம்’ எழுத்து மில்லி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய ‘எம்’ எழுத்து மெகா, பத்து லட்சம் மடங்கு. இரண்டுக்கும் நடுவே 100 கோடி மடங்கு வித்தியாசம். ஒரு ரூபாய் வைத்திருப்பவரையும் 100 கோடி ரூபாய் வைத்திருப்பவரையும் ஒரே ஆள் என்று நினைத்தால் எப்படி இருக்கும்! இதற்கு உலகம் முழுக்க ஒரே விதி இருக்கிறது. கிலோவும் அதைவிடச் சிறிய மடங்குகளும் சிறிய எழுத்தில், மெகாவும் அதைவிடப் பெரியவையும் பெரிய எழுத்தில். அலகுகளுக்கும் ஒரு விதி: மனிதர் பெயரால் வந்த அலகு என்றால் பெரிய எழுத்து. வோல்ட்டுக்கு இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா, ஆம்பியருக்கு பிரான்ஸின் ஆந்த்ரே மரி ஆம்பியர். மீட்டர், விநாடி இவற்றுக்கு ஆள் பெயர் இல்லை, அதனால் சிறிய எழுத்து. ஜெர்மனியின் ஜார்ஜ் சைமன் ஓமுக்கு மட்டும் ஆங்கில எழுத்து கிடையாது. ‘ஓ’ என்று போட்டால் பூஜ்யம் என்று படித்துவிடுவோம். கிரேக்க எழுத்தான ஒமேகா அவருக்குக் கிடைத்தது: அடியில் வாய் திறந்து, இரண்டு பக்கமும் கால் நீட்டிய வட்டம்.

விதி இருந்தாலும் மீறுபவர்களும் இருக்கிறார்கள். மலிவு மீட்டர்கள் சிலவற்றில் கிலோவுக்குப் பெரிய ‘கே’ போட்டிருப்பார்கள். பெரிய கே என்றால் கெல்வின், வெப்பநிலை அலகு. மின்தடைப் பகுதியில் வெப்பநிலைக்கு என்ன வேலை? அச்சடித்தவரின் தப்பு என்று புரிந்துகொண்டு நகர வேண்டியதுதான். குறி எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த குறி ஒன்று சுற்றுப்படங்களில் இருக்கிறது: ‘4 கே 7’. நான்குக்கும் ஏழுக்கும் நடுவே சிறிய கே. 4.7 கிலோ ஓம் என்று அர்த்தம். ஏன் 4.7 என்றே எழுதக் கூடாது? படத்தை நகலெடுக்கும்போது புள்ளி அழிந்துபோனால் 47 ஆகிவிடும், பத்து மடங்கு தப்பு. அதனால் அழியக்கூடிய புள்ளியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அழியாத எழுத்தை உட்கார வைத்துவிட்டார்கள். 2.2 ஓம் என்றால் ‘2 ஆர் 2’. 5.1 வோல்ட் என்றால் ‘5 வி 1’. யாரோ புள்ளி தொலைந்து அவதிப்பட்டபின்தான் இது தோன்றியிருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

இனி ஓட்டைகள். பெரும்பாலான மீட்டர்களில் மூன்று இருக்கும். ‘காம்’ என்று எழுதியது எல்லா அளவுக்கும் பொது. கருப்பு ஒயர் எப்போதும் அதில்தான். வோல்ட், ஓம், மில்லி ஆம்பியர் மூன்றும் எழுதிய ஓட்டையில் சிவப்பு ஒயர். மூன்றாவது, 10 ஆம்பியர் என்று எழுதியது, பெரிய மின்னோட்டத்துக்கு மட்டும். ஆச்சரியக்குறி முக்கோணம் பெரும்பாலும் இதன் அருகில்தான் நிற்கிறது. ஏன் என்று கையேட்டைப் புரட்டினால், பல மலிவு மீட்டர்களில் இப்படி எழுதியிருக்கும்: இந்த ஓட்டைக்கு ஃபியூஸ் இல்லை, ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் கூடாது, அடுத்த தடவைக்கு முன் 15 நிமிடம் பொறுக்க வேண்டும்.

இதற்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. மின்னோட்டத்தை அளக்க, அந்த மின்னோட்டம் முழுவதும் மீட்டருக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். உள்ளே அது ஒரு தடித்த கம்பித் துண்டின் வழியாகப் போகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 10 ஆம்பியரில் கம்பி மளமளவென்று சூடேறும். கம்பி சூடானால் அதன் மின்தடை மாறும், அளவும் மாறும், பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக்கும் இளகும். அந்தக் கம்பி ஆறுவதற்குத்தான் 15 நிமிடம்.

இன்னொன்றும் கவனியுங்கள். மின்னோட்டம் தடையில்லாமல் போகட்டும் என்று அந்தக் கம்பியின் மின்தடையைக் கிட்டத்தட்ட இல்லை என்னும் அளவுக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையிலேயே மறந்து விட்டுவிட்டு, வோல்ட் பார்ப்பதாக நினைத்து ஒரு பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் என்ன ஆகும்? வெறும் கம்பியால் இரண்டு முனையையும் இணைத்த கதைதான். குமிழ் எங்கே நிற்கிறது என்பது இங்கே உதவாது, ஏனென்றால் மின்னோட்டம் ஓட்டை வழியாகத்தான் போகிறது. ‘முதலில் ஒயரை மாற்று, அப்புறம் குமிழைத் திருப்பு, கடைசியாக முனையை வை’ என்று கையேடு 1, 2, 3 எண் போட்டு எழுதினால், அந்த வரிசையும் சேர்ந்ததுதான் அறிவுரை.

குமிழ் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும்போது அதே எண்ணின் பொருள் எப்படி மாறுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சிலிக்கான் டயோடை அம்புக்குறியும் கோடும் போட்ட டயோடு பகுதியில் வைத்து அளந்தால், திரையில் 600-க்குப் பக்கத்தில் ஓர் எண் வரும். 587 என்று வைத்துக்கொள்வோம். அலகு எதுவும் இல்லை. இது 587 ஓம் என்று நோட்டில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கையேட்டில் அந்தப் பகுதியைப் படித்தால்தான் தெரியும்: டயோடு வழியாக மின்னோட்டம் போகும்போது அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை மீட்டர் மில்லி வோல்ட்டில் காட்டுகிறது. ஆக அது 0.587 வோல்ட். ‘பீப்’ ஒலி வரும் பகுதியும் அப்படித்தான். ஒலி வந்தால் ஒயர் அறுபடவில்லை என்று மகிழ்கிறோம். எத்தனை ஓமுக்குக் கீழே இருந்தால் ஒலிக்கும் என்று கையேட்டில் ஓர் எண் இருக்கும். ஒலி வந்துவிட்டது என்பதற்காக அங்கே மின்தடை பூஜ்யம் என்று சொல்லிவிட முடியாது.

இப்போது கையேட்டின் மிகவும் சுவையான பகுதிக்கு வந்துவிட்டோம். பார்ப்பதற்கு மிகவும் சலிப்பூட்டுவதும் அதுதான்: ‘ஸ்பெசிஃபிகேஷன்’ அட்டவணை. கட்டம் கட்டமாக எண்கள்.

சாதாரண மலிவு மீட்டர் ஒன்றின் நேர்த்திசை மின்னழுத்தப் பகுதியில் 200 மில்லி, 2000 மில்லி, 20, 200, 1000 என்று ரேஞ்சுகள் இருக்கும். முதலில் ஒரு புதிர். 20 ரேஞ்சில் வைத்தால் 20 வோல்ட்டைக் காட்டாது, 19.99 வரைதான் காட்டும். ஏனென்றால் திரையில் உள்ள நான்கு இடங்களில் முதல் இடத்தில் 1 மட்டும்தான் வர முடியும், இல்லாவிட்டால் காலியாக இருக்கும். மற்ற மூன்று இடங்களில் 0 முதல் 9 வரை எதுவும் வரலாம். இதைத்தான் கையேடு ‘மூன்றரை இலக்கத் திரை’ என்கிறது. ஒன்றை மட்டும் காட்டத் தெரிந்த இடத்துக்கு அரை மதிப்பெண்! அளவு ரேஞ்சைத் தாண்டிவிட்டால் இடது ஓரத்தில் 1 மட்டும் தனியாக நிற்கும். அது ஒரு வோல்ட் இல்லை. ‘என்னால் காட்ட முடியவில்லை, பெரிய ரேஞ்சுக்குப் போ’ என்று பொருள். வேறு சில மீட்டர்கள் இதற்கு ‘ஓ.எல்.’ என்று காட்டும். எது என்பதைக் கையேடு சொல்லும்.

அடுத்த பத்தியில் துல்லியம். அங்கே ±(0.5% + 2) என்று ஒரு குறி நிற்கும். இந்த ஒற்றை வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும், எல்லாக் கருவிகளையும் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ± என்றால் கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். 0.5% என்றால் திரையில் தெரியும் அளவில் 200-இல் ஒரு பங்கு. ‘+ 2’ என்பது 2 வோல்ட் இல்லை! திரையின் கடைசி இலக்கம் இரண்டு எண் முன்னே பின்னே இருக்கலாம் என்று பொருள்.

ஒரு 9 வோல்ட் பேட்டரியை அளந்து பார்ப்போம். 20 ரேஞ்சில் திரை 9.12 காட்டுகிறது. 9.12-இல் 0.5% என்பது ஏறக்குறைய 0.05. கடைசி இலக்கத்தில் இரண்டு என்பது இங்கே 0.02. மொத்தம் 0.07. ஆக உண்மையான மின்னழுத்தம் 9.05-க்கும் 9.19-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது. இவ்வளவுதான் மீட்டரால் உறுதியாகச் சொல்ல முடியும்.

குமிழை 200 ரேஞ்சுக்குத் திருப்புங்கள். இப்போது 9.1 என்று காட்டும். 0.5% அதே 0.05தான். ஆனால் கடைசி இலக்கம் இப்போது பத்தில் ஒரு பங்கு வோல்ட்; இரண்டு என்றால் 0.2. மொத்தம் 0.25. உண்மை 8.85-க்கும் 9.35-க்கும் நடுவே. 1000 ரேஞ்சுக்குப் போனால் வெறும் 9 என்று காட்டும். அங்கே கடைசி இலக்கமே முழு வோல்ட். இரண்டு என்றால் 2 வோல்ட். அந்த 9, 7 ஆகவும் இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம்! பேட்டரி அதேதான், மீட்டர் அதேதான், ஒயரும் அதேதான். ரேஞ்ச் மாறியதால் நாம் தெரிந்துகொண்டது சுருங்கிவிட்டது. ‘தெரியாத அளவு என்றால் பெரிய ரேஞ்சில் தொடங்கி, படிப்படியாகச் சின்ன ரேஞ்சுக்கு வா’ என்று எல்லாக் கையேடுகளும் எழுதுகின்றன. பெரியதில் தொடங்குவது மீட்டரைக் காப்பாற்ற. சிறியதற்கு வருவது அளவு துல்லியமாகக் கிடைக்க.

அந்த அட்டவணையின் தலைப்பிலோ அடியிலோ இன்னும் ஒரு வரி ஒளிந்திருக்கும்: ‘23 ± 5 டிகிரி செல்சியஸ்’. துல்லியம் பற்றிச் சொன்னதெல்லாம் 18 முதல் 28 டிகிரி வரைதான் செல்லும் என்று அர்த்தம். வேலூரிலோ திருச்சியிலோ மே மாத மதியத்தில் யார் 28 டிகிரியைப் பார்த்தது? இதற்கும் சில கையேடுகளில் பதில் உண்டு. 28-ஐத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும், சொன்ன பிழையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள் என்பார்கள். அறை 38 டிகிரி என்றால் பத்து டிகிரி கூடுதல். பிழை இரண்டு மடங்கு. குளிர்சாதன அறையில் 0.07 என்று கணக்கிட்ட அதே மீட்டருக்கு மொட்டைமாடி அறையில் 0.14 என்று எழுத வேண்டும்.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் முள் வைத்த வோல்ட்மீட்டருக்குக் கையேடு இருக்காது. எப்போதோ தொலைந்திருக்கும். ஆனால் அதன் முகப்பின் கீழ் ஓரத்தில் வரிசையாகச் சில பொடிக் குறிகள் இருக்கும். கையேட்டின் சாரத்தை அங்கேயே அச்சடித்திருக்கிறார்கள். லாட வடிவக் காந்தப் படம் இருந்தால் உள்ளே காந்தமும் சுருளும் கொண்ட மீட்டர், பேட்டரிக்கு ஏற்றது. தலைகீழான ‘டி’ எழுத்துப் போலச் செங்குத்துக் கோடு இருந்தால், முகப்பை நிமிர்த்தி நிறுத்தி வைத்துப் படிக்க வேண்டும். படுத்திருக்கும் பெட்டியின் ஓரம் போலக் குறி இருந்தால் மேசையில் படுக்க வைத்து. மாற்றி வைத்தால் முள்ளின் எடையே அளவைக் கெடுக்கும். நட்சத்திரம் இருந்தால் காப்புச் சோதனை செய்யப்பட்டது.

பக்கத்தில் வெறுமனே 2.5 என்றோ 1.5 என்றோ ஓர் எண் இருக்கும். அதுதான் துல்லிய வகுப்பு. ஆனால் இங்கே சதவீதக் கணக்கு வேறு. டிஜிட்டல் மீட்டரில் சதவீதம், திரையில் தெரியும் அளவில். முள் மீட்டரில் சதவீதம், முழு அளவில். 0 முதல் 10 வோல்ட் வரை உள்ள 2.5 வகுப்பு மீட்டர் என்றால், 10-இல் 2.5%, அதாவது 0.25 வோல்ட், அளவுகோலின் எந்த இடத்திலும் பிழை இருக்கலாம். 9 வோல்ட் காட்டும்போது அது பரவாயில்லை. சுவர்க்கடிகாரத்தின் 1.5 வோல்ட் பேட்டரியை அதில் அளந்தால் 1.25-இலிருந்து 1.75 வரை எதுவும் உண்மையாக இருக்கலாம். அந்தப் பேட்டரி புதுசா, தீர்ந்துபோனதா என்றே சொல்ல முடியாது. 0 முதல் 3 வோல்ட் மீட்டரைக் கேட்டு வாங்குங்கள், பிழை 0.075-ஆகக் குறைந்துவிடும். நல்ல மீட்டர்களில் அளவுகோலை ஒட்டி ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். அலங்காரத்துக்கு இல்லை. முள்ளும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாக மறையும்படி கண்ணை வைத்துப் படித்தால், சாய்ந்து பார்ப்பதால் வரும் தப்பு வராது.

மல்டிமீட்டரில் ‘கேட்’ என்ற ஆங்கில மூன்றெழுத்தும் அதன் பின்னால் 2, 3, 4 என்ற ரோமன் எண்ணும் இருப்பதைப் பார்த்துச் சிலர் பூனை என்று சிரிப்பார்கள். எந்த இடத்தில் அளப்பதற்கு அந்த மீட்டர் தகுதியானது என்பதற்கான வகை எண் அது. பிளக்கில் செருகும் பொருள்களுக்கு 2. வீட்டின் மெயின் போர்டுக்கும் சுவருக்குள் ஓடும் ஒயருக்கும் 3. தெருக் கம்பியிலிருந்து மின்சாரம் உள்ளே நுழையும் இடத்துக்கு 4. கம்பத்தை நெருங்க நெருங்க, இடி மின்னலின்போது திடீரென்று பாயும் ஆற்றல் அதிகம். அதைத் தாங்கும் அளவுக்கு மீட்டரின் உள்ளமைப்பும் வலுவாக இருக்க வேண்டும். இதெல்லாம் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. நீங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டில் மீட்டர் முனையைச் செருகவே கூடாது. அங்கே இருப்பது 230 வோல்ட். பேட்டரிகளே நிறைய இருக்கின்றன, அவற்றை அளந்து தீருங்கள்.

கடைசியாக, கையேட்டின் பின்பக்கம். மில்லி ஆம்பியர் பகுதி திடீரென்று எதற்கும் பூஜ்யமே காட்டினால், மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே ஃபியூஸ் போயிருக்கலாம். பின்பக்கத்தில் ‘எஃப் 500 மில்லி ஆம்பியர் / 250 வோல்ட்’ என்பது போல ஒரு வரி இருக்கும். 500 மில்லி ஆம்பியர் புரிகிறது, 250 வோல்ட் புரிகிறது. முன்னால் நிற்கும் ‘எஃப்’? சட்டென்று உருகும் ஃபியூஸ் என்று பொருள். அதே அளவில், அதே கண்ணாடிக் குழாயில் ‘டி’ என்று போட்ட ஃபியூஸும் கடையில் கிடைக்கும். பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ‘டி’ வகை கொஞ்சம் பொறுத்துத்தான் உருகும். மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் மின்னோட்டம் எகிறும் அல்லவா, அந்த மாதிரி இடத்துக்கு அது வேண்டும். மீட்டருக்குள் போட்டால், ஃபியூஸ் பொறுத்திருக்கும் அந்த நேரத்துக்குள் மற்ற பாகங்கள் கருகிவிடும். ஆகவே கடைக்குப் போகும்போது ‘500 மில்லி ஃபியூஸ் ஒண்ணு குடுங்க அண்ணே’ என்று கேட்காமல், அந்த வரியை எஃப் உட்பட அப்படியே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மாட்டும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மூடியைக் கழற்றும் முன் இரண்டு ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும்; அதுவும் அந்தப் பக்கத்திலேயே, முக்கோணம் போட்டு எழுதியிருக்கும்.